ரெண்டு போர்வெல், ரெண்டு ரிப்போர்ட்: உப்புக்கரிக்கிற தண்ணியை விட்டுட்டு நல்ல தண்ணிக்கு மாறலாமா?

தென்பெண்ணைக் கழனி கேட்டது:

வணக்கம். கடலூர் தாலுகா, தென்பெண்ணைக்கு வடக்கே, ரெட்டிச்சாவடி பக்கம் மூன்றரை ஏக்கர் நிலம். கடற்கரை நேர்கோட்டில் சுமார் 3 கி.மீ. மண் களி கலந்த வண்டல். தாழ்வான பக்கம் சம்பா, நவரை நெல். மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் மல்லாட்டை (வேர்க்கடலை), அரை ஏக்கர் கத்தரி (கத்தரிக்கு மட்டும் சொட்டுநீர்). 60 அடியில் ஒரு ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத வடிகுழாய்க் கிணறு), 280 அடியில் ஒரு போர்வெல். மே மாதக் கடைசியில் ரெண்டுலயும் தண்ணி எடுத்து லேபில் கொடுத்தேன். அளவெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

ஃபில்டர் பாயிண்ட்: இ.சி. (மின்கடத்தல் அளவு, உப்பு கூடினா இதுவும் கூடும்) 2.9 டெசிசீமன்ஸ், பி.ஹெச். 7.5, கால்சியம் 104, மெக்னீசியம் 80, சோடியம் 391, பொட்டாசியம் 12, கார்பனேட் இல்லை, பைகார்பனேட் 342, குளோரைடு 696, சல்ஃபேட் 182.

280 அடி போர்: இ.சி. 1.25, பி.ஹெச். 8.4, கால்சியம் 24, மெக்னீசியம் 15, சோடியம் 230, பொட்டாசியம் 4, கார்பனேட் 12, பைகார்பனேட் 433, குளோரைடு 142, சல்ஃபேட் 48.

மேல் தண்ணி வாயில் வைக்க முடியலை. ஆழத் தண்ணி குடிக்கவே நல்லா இருக்கு. ஃபில்டர் பாயிண்டை நிறுத்திட்டு எல்லாத்துக்கும் 280 அடி தண்ணியையே பாய்ச்சலாம்னு நினைக்கிறேன். சரியான முடிவா? இன்னொண்ணு, கடையில் வாங்கின டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) மீட்டர் 1450, 625 என்று காட்டுது. லேபில் 1850, 800 என்று போட்டிருக்காங்க. எதை நம்புறது?

நீரும் மண்ணும்:

ஃபில்டர் பாயிண்டை நிறுத்திவிடாதீர்கள். இந்த இரண்டில் உங்கள் களிமண்ணை வருஷக்கணக்கில் கெடுக்கக்கூடியது, நாக்குக்கு நன்றாக இருக்கிற அந்த ஆழத் தண்ணீர்தான்.

மீட்டர் கதையை முதலில் முடித்துவிடுவோம். எந்த டி.டி.எஸ். மீட்டரும் உப்பை நேராக அளப்பதில்லை. மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் மீட்டர் 0.5-ஆல் பெருக்குகிறது, லேப் 0.64-ஆல். இரண்டும் ஒரே இ.சி.யைத்தான் சொல்கின்றன. பாசனத்துக்கு டி.டி.எஸ்.ஸை மறந்துவிட்டு இ.சி.யை மட்டும் பாருங்கள். 1 டெசிசீமன்ஸ் என்பது 1000 மைக்ரோசீமன்ஸ்.

அடுத்து, ரிப்போர்ட்டையே நம்பலாமா என்று சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் போகக் கூடாது. மில்லிகிராம் எண்ணைச் சமான எடையால் வகுத்தால் மில்லி ஈக்விவலென்ட் வரும். இந்த அலகில் நேர்மின் பக்கமும் (கால்சியம் முதல் பொட்டாசியம் வரை) எதிர்மின் பக்கமும் (மற்றவை) சமமாக இருக்க வேண்டும். கால்சியத்துக்கு 20, மெக்னீசியம் 12.15, சோடியம் 23, பொட்டாசியம் 39, கார்பனேட் 30, பைகார்பனேட் 61, குளோரைடு 35.5, சல்ஃபேட் 48. உங்கள் மேல் தண்ணீரில் கால்சியம் 5.2, மெக்னீசியம் 6.6, சோடியம் 17, பொட்டாசியம் 0.3, ஆக 29.1. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 5.6, குளோரைடு 19.6, சல்ஃபேட் 3.8, ஆக 29.0. ஆழத் தண்ணீரில் 1.2, 1.2, 10, 0.1 சேர்ந்து 12.5, எதிர்ப்பக்கம் 0.4, 7.1, 4.0, 1.0 சேர்ந்து அதே 12.5. இரு பக்கமும் சமமாக இருக்கிறது. இ.சி.யைப் பத்தால் பெருக்கினால் இந்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதுவும் வருகிறது. லேப் ஒழுங்காகச் செய்திருக்கிறது. இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மொத்தக் கூட்டுத்தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது விஷயம். கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மெக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது எஞ்சிய சோடியம் கார்பனேட், சுருக்கமாக ஆர்.எஸ்.சி. 1.25 வரை பயமில்லை, 2.5 வரை பார்த்துப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் தனியாகப் பாய்ச்சக் கூடாது. உங்கள் ஆழத் தண்ணீருக்கு 7.5-இல் 2.4 போக 5.1. மேல் தண்ணீருக்கு 5.6-இல் 11.8 போக மைனஸ் 6.2, அதாவது அந்த ஆபத்து துளியும் இல்லை.

5.1 என்றால் நிலத்தில் என்ன நடக்கும்? வயலில் தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சுகிற பைகார்பனேட் மண்ணில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைக்கும். களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதே கால்சியம்தான். அது போன இடத்தில் சோடியம் வந்து உட்காரும். துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைக்கும். காய்ந்தால் மேலே ஓடு கட்டும், நனைந்தால் வழுக்கும், தண்ணீர் இறங்காது. வெறும் உப்பு ஏறிய உவர் நிலத்தில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். இது சோடியம் ஏறிய களர், இங்கே தண்ணீர் வற்றிய இடத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு படலம்தான் தெரியும்.

நம் பக்கம் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. போர்த் தண்ணீர் பாயும் வரை அதிலுள்ள உப்பே களித்துகள்களை ஓரளவு சேர்த்து வைத்திருக்கும். ஐப்பசியில் உப்பே இல்லாத மழைத்தண்ணீர் விழுந்ததும் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். கோடை முழுக்க ஒன்றும் தெரியாமல் இருந்த கழனியில் அடைமழைக்குப் பிறகு தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். வடிகால் சரியில்லை என்று பலரும் வாய்க்கால் வெட்டுவார்கள். கோளாறு மண்ணில் இருக்கும்.

உங்கள் மண் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல் ஆறு அங்குலத்திலிருந்து சுண்டைக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ (அமிலம் அல்ல) ஊற்றி அதில் மெதுவாக விடுங்கள். கலக்காதீர்கள், டம்ளரை அசைக்காதீர்கள். கட்டி சரிந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மண் இன்னும் நன்றாக இருக்கிறது. 2 மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிக் கலங்கல் படர்ந்தால் சோடியம் ஏறத் தொடங்கிவிட்டது. போர்த் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாற்றும், அதிலுள்ள உப்பு கலங்கலை அடக்கிவிடும்.

உப்பனாறு ஓரம்:

மேலே சொன்னது சரி. நான் ஃபில்டர் பாயிண்ட் பத்தி மட்டும் சொல்றேன். அதில் வர்றது கடல் தண்ணி கலப்பு, சாதாரண உப்பு இல்லை. எப்படித் தெரியும்னா: குளோரைடை பைகார்பனேட்டால் வகுங்க. 19.6 வகுத்தல் 5.6, மூன்றரை வருது. நல்ல நிலத்தடி நீரில் இது அரைக்குக் கீழே இருக்கும், 2.8-ஐத் தாண்டினாலே கலப்பு மோசம். சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம் 0.87, கடல் நீரில் 0.86. கால்சியத்தைவிட மெக்னீசியம் கூட இருக்கு, அதுவும் கடலோட குணம்தான்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கு. அப்போ நூத்துல ஒரு பங்கு கலந்தாலே 190 மில்லிகிராம் ஏறும். உங்க தண்ணியில் 696. மூணு பங்கு, மூன்றரைப் பங்கு கலந்தாலே இந்த நிலைமைக்கு வந்துடும். அதனால இதை அசட்டையா விடக்கூடாது.

ஆனா ரெண்டு விதமா வரலாம். ஒண்ணு, அடியிலேர்ந்து உப்புத் தண்ணி மேலே இழுபடுறது. நல்ல தண்ணி கனம் குறைவு, அதனால உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு மீட்டர் இறங்கினா, அடியில் உப்பு எல்லை 40 மீட்டர் வரைக்கும் ஏற இடம் உண்டு. ரெண்டாவது, ஆத்து முகத்துவாரம், உப்பங்கழி, இறால் குட்டை மாதிரி பக்கத்திலேர்ந்து கசியுறது. எதுன்னு கண்டுபிடிக்க மோட்டாரை ஓட விட்டு அரை மணிக்கு ஒரு தரம் இ.சி. பாருங்க. ஓட ஓட ஏறிக்கிட்டே போனா அடியிலேர்ந்து இழுக்குது. ஆரம்பத்திலேர்ந்தே ஒரே அளவா நின்னா பக்கத்துக் கசிவா இருக்க வாய்ப்பு. அப்போ கடல் ஓதத்தோட சேர்ந்து ஏறி இறங்குதான்னு அமாவாசை, பௌர்ணமி ஒட்டிப் பாருங்க.

அடியிலேர்ந்து இழுக்குதுன்னா ஆழப்படுத்தவே கூடாது. நம்ம ஆளுங்க தண்ணி கெட்டா உடனே இன்னும் பத்தடி இறக்குவாங்க, அது நேரா உப்புக்குள்ள இறக்குறதுதான். தண்ணி வரத்தைக் குறைச்சு, விட்டு விட்டு இறைக்கணும். முடிஞ்சா ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில் தள்ளித் தள்ளி ரெண்டு சின்ன ஃபில்டர் பாயிண்ட்.

மீட்டரைச் சரிபார்த்துட்டு அளங்க. 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் கடையில் கிடைக்கும். இல்லைன்னா சுத்தமான பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணியில் கரைச்சா அதே 1413 வரும், 25 டிகிரியில். வெப்ப ஈடு இல்லாத மீட்டர்னா ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் பிசகும். வெயிலில் சூடான பைப்புத் தண்ணியை அளந்தா கூடத்தான் காட்டும்.

பாகூர் ஏரிக்கரை:

ஆழப் போரின் பி.ஹெச். 8.4 பற்றி ஒரு வார்த்தை. மாதிரியை எப்படி எடுத்தீர்கள்? பாட்டிலில் பாதி நிரப்பி இரண்டு நாள் வைத்திருந்தால் கரியமிலவாயு வெளியேறி பி.ஹெச். தானாக ஏறும், இல்லாத கார்பனேட் ரிப்போர்ட்டில் வந்து உட்காரும், கால்சியம் பாட்டில் சுவரில் படிந்து குறைவாகக் காட்டும். மூன்றும் சேர்ந்து தண்ணீரைப் பற்றித் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

மோட்டாரை 20, 30 நிமிஷம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு, மோட்டார் வாயிலேயே பிடிக்க வேண்டும். தொட்டியிலோ வாய்க்காலிலோ எடுக்கக் கூடாது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் வாய் வரை நிரப்பி மூடி, நிழலில் வைத்து, மறுநாளுக்குள் லேபில் சேர்க்க வேண்டும். மருந்து பாட்டில், சோப்புத்தண்ணீர் பாட்டில் ஆகாது. போரான் பார்க்கச் சொல்வதாக இருந்தால் கண்ணாடி பாட்டிலும் ஆகாது, கண்ணாடியிலிருந்தே போரான் கரையும். பாட்டில் மேல் போரின் ஆழம், தேதி, எவ்வளவு நேரம் ஓடியது, என்ன பயிர் என்று எழுதி ஒட்டுங்கள்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்து நிலம் என்றால் இந்தச் சாதாரணப் பாசன நீர்ச் சோதனை போதாது, இதில் கன உலோகம் தெரியாது. அதற்குத் தனி பாட்டில். நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவந்துதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாட்டிலில் ஒட்டிக்கொள்ளும். லேபிலேயே அமிலம் போட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள். காட்மியம் 0.01, குரோமியம் 0.1, நிக்கல் 0.2 மில்லிகிராம் என்பவை உலக உணவு வேளாண் அமைப்பின் பாசன வரம்புகள்.

கையில் குடிநீர் ரிப்போர்ட் மட்டும் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வழி. அதில் மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை இரண்டும் கால்சியம் கார்பனேட் கணக்கில் இருக்கும். காரத்தன்மையில் கடினத்தன்மையைக் கழித்து 50-ஆல் வகுத்தால் அதுதான் ஆர்.எஸ்.சி. இவருடைய ஆழத் தண்ணீருக்குக் காரத்தன்மை 375, கடினத்தன்மை 120 என்று வந்திருக்கும். 255 வகுத்தல் 50, அதே 5.1. காரத்தன்மை எண் கடினத்தன்மை எண்ணைவிடப் பெரியதாக இருக்கிற எந்த போர்த் தண்ணீரையும் களிமண்ணில் யோசித்துத்தான் விட வேண்டும். ‘மென்நீர், சோப்பு நன்றாக நுரைக்கிறது’ என்று ஊரில் பாராட்டுகிற தண்ணீர் பல நேரம் இதுதான்.

மறுபரிசோதனைக்குக் கடலூரில் வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையம், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், நம் புதுச்சேரிப் பக்கம் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கின்றன. தண்ணீரோடு 0–15, 15–30 செ.மீ. மண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

தென்பெண்ணைக் கழனி:

எல்லாருக்கும் நன்றி. மாதிரி மோட்டார் வாயில், அரை மணி ஓடின பிறகு, பாட்டில் நிறையப் பிடிச்சு அன்னிக்கே கொடுத்தது. அதனால் எண்களை நம்பலாம்னு நினைக்கிறேன்.

ஃபில்டர் பாயிண்டில் இ.சி. பார்த்ததில் தொடக்கத்தில் 2.6, ஒரு மணி நேரத்தில் 2.9, நாலு மணி நேரத்தில் 3.3. ஆழப் போர் 1.25-லேயே நிக்குது. மண்கட்டிச் சோதனையில், ஆழத் தண்ணி அதிகம் பாயும் கழனிக் கட்டி 2 மணி நேரத்தில் பால் கலந்த மாதிரி ஆயிடுச்சு. ஃபில்டர் பாயிண்ட் தண்ணி பாயும் மேட்டுப் பக்கக் கட்டி உதிர்ந்தது, தண்ணி தெளிவு.

200 லிட்டர் பீப்பாயை ஃபில்டர் பாயிண்ட் 20 விநாடியில் நிரப்புது, ஆழப் போர் 27 விநாடியில். ரெண்டையும் கலந்து விட்டா? இல்லைன்னா ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டே ஆழத் தண்ணியைச் சரிபண்ண முடியுமா?

நீரும் மண்ணும்:

கலப்பதுதான் உங்களுக்கு வழி. ஒன்றில் மிஞ்சுவது இன்னொன்றில் குறைகிறது.

ஒரு பங்கு மேல் தண்ணீர், இரண்டு பங்கு ஆழத் தண்ணீர் என்று வையுங்கள். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 5.5, கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 6.9, ஆர்.எஸ்.சி. 1.3. கிட்டத்தட்ட எல்லைக்கோட்டில். இ.சி. 1.8. குளோரைடு 9.2, நடுத்தரம். சோடியம் 12.3, அதைக் கால்சியம் மெக்னீசியம் கூட்டுத்தொகையில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சோடியம் உறிஞ்சு விகிதம் 7.4. தனி ஆழத் தண்ணீரில் அது 9.1. இந்த விகிதம் 6-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கும்போது, மண்ணில் தண்ணீர் தடையில்லாமல் இறங்க இ.சி. 1.9-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. 1.8 அதற்குச் சற்றே கீழே. 1.25 ரொம்பக் கீழே. சரிபாதி கலந்தால் ஆர்.எஸ்.சி. பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், ஆனால் இ.சி. 2.1, குளோரைடு 11.8 ஆகிறது. அவ்வளவு தேவையில்லை.

இரண்டு மோட்டாரையும் முழுசாகத் திறந்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு வராது. ஃபில்டர் பாயிண்ட் விநாடிக்கு 10 லிட்டர், ஆழப் போர் 7.4 லிட்டர் தருகிறது. ஃபில்டர் பாயிண்ட் வால்வை, பீப்பாய் நிறைய 54 விநாடி ஆகும் வரை திருகுங்கள். அப்போது 3.7 லிட்டர், சரியாகப் பாதி. உப்பனாறு ஐயா சொன்ன மாதிரி இழுவையும் குறையும், 3.3 வரை ஏறுவது மட்டுப்படும். கலந்த வாய்க்காலில் மீட்டரை வைத்தால் 1.8 காட்ட வேண்டும். 2-ஐத் தாண்டினால் வால்வை இன்னும் கொஞ்சம் மூடுங்கள். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட முடியாதென்றால் தொட்டியில் கலக்கலாம்: ஆழப் போர் ஒரு மணி நேரம், ஃபில்டர் பாயிண்ட் முழு வரத்தில் 22 நிமிஷம்.

மழைக்குப் பிறகு, தை மாதத்தில் ஃபில்டர் பாயிண்டின் உப்பு இறங்கும். கூடவே அதன் கால்சியமும் இறங்கும். அப்போது இதே விகிதத்தில் கலந்தால் ஆர்.எஸ்.சி. மறுபடி ஏறியிருக்கும். மே, ஜனவரி என வருஷத்துக்கு இரண்டு ரிப்போர்ட் எடுத்து விகிதத்தைத் திருத்த வேண்டும்.

ஜிப்சம் கணக்கு: ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் என்றால் சுமார் 202 கன மீட்டர். அதில் ஒரு மில்லி ஈக்விவலென்ட் ஆர்.எஸ்.சி.யைக் குறைக்கச் சுத்த ஜிப்சம் 17.4 கிலோ. 5.1-ஐ 1.25-க்குக் கொண்டுவர 67 கிலோ. 75 சதவீதச் சுத்தம் உள்ள ஜிப்சமாக இருந்தால் 89 கிலோ. ஒவ்வொரு தண்ணீருக்கும். நெல்லுக்கு இது கட்டாது. ஆனால் கலங்கிய அந்தக் கழனிக்கு ஜிப்சம் வேண்டும், தண்ணீருக்காக அல்ல, மண்ணில் ஏற்கெனவே ஏறிய சோடியத்துக்காக. எவ்வளவு என்பது மண் ரிப்போர்ட்டில் வரும் ஜிப்சத் தேவை எண்ணைப் பொறுத்தது. ஊகித்துப் போடாதீர்கள். புரட்டாசிக்குள் வரப்பை உயர்த்திக் கட்டி, தூவி, மேல் 10 செ.மீ. மண்ணில் கலந்துவிட்டால் மழைத்தண்ணீரே கரைத்து சோடியத்தை வெளியேற்றும். தண்ணீரைத் தேக்கி வடிய விட வேண்டும். வடிய வழியில்லாமல் ஜிப்சம் போடுவது பணத்தை மண்ணில் போடுவதுதான். அதற்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுங்கள், களரிலும் வளரும்.

பயிர்க்கணக்கு:

பயிர் பக்கத்தைச் சேர்க்கிறேன். பாசன நீர் இ.சி.யை ஒன்றரையால் பெருக்கினால் வேர்ப்பகுதி மண் இ.சி. ஓரளவு வரும், தண்ணீரில் 15 முதல் 20 சதவீதம் வேரைத் தாண்டி வடிகிற நிலத்தில். மண் இ.சி. நெல்லுக்கு 3.0 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சல் 12 சதவீதம் குறையும். மல்லாட்டை 3.2 வரை தாங்கும், ஆனால் அதைத் தாண்டினால் 29 சதவீதம் விழும். கத்தரி 1.1-லேயே குறையத் தொடங்கும், ஆனால் மெதுவாக, 6.9 சதவீதம்.

ஃபில்டர் பாயிண்டை மட்டும் பாய்ச்சினால் மண் இ.சி. 4.35. நெல் 16, மல்லாட்டை 33, கத்தரி 22 சதவீத இழப்பு. கலந்த தண்ணீரில் 2.7, நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் இழப்பு இல்லை, கத்தரிக்கு 11. மல்லாட்டைக்காரர் ஒருவர் ‘போன வருஷம் நல்லா வந்துச்சு, இந்த வருஷம் ஒண்ணுமில்லை’ என்றால் பெரும்பாலும் அந்த 3.2 கோட்டைத் தாண்டியிருப்பார், மழை குறைந்த வருஷத்தில்.

மேட்டுப் பக்கத்துக்கு ஃபில்டர் பாயிண்ட் தண்ணீர் மட்டும் பாய்கிறது என்று சொன்னீர்கள். மண்கட்டி தெளிவாக நின்றதும் அதனால்தான், ஆனால் விளைச்சலை உப்பு தின்னும். அங்கும் கலந்து விடுங்கள். பாருக்கு நடுமுதுகில் விதைக்காமல் ஓரச் சரிவில் விதையுங்கள், உப்பு ஏறி நிற்பது முதுகில்தான். 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தவறக் கூடாது. சோடியம் மிகுந்த தண்ணீரில் கால்சியம் கிடைக்காமல் காய் பொக்காகும்.

நெல்லில் இளநாற்றும், கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரையிலான பருவமும் உப்பை அதிகம் தாங்காது. ஏரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு பருவத்துக்கு ஒதுக்குங்கள், மற்ற நாளில் போர். கலங்கிய கழனிக்குக் களர் தாங்கும் டி.ஆர்.ஒய். 3 ரகம் பொருந்தும். பைகார்பனேட் தண்ணீரில் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. நட்ட சில வாரத்தில் அடியிலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளி வரும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்ஃபேட்டை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள், டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டுடன் கலக்காமல்.

தென்பெண்ணைக் கழனி:

வால்வைத் திருகி 54 விநாடிக்குக் கொண்டுவந்தேன். கலந்த வாய்க்காலில் 1.8 காட்டுது. கத்தரி சொட்டுநீரிலும் இதையே விடலாமா? ஏற்கெனவே சில சொட்டுவான் வெள்ளையா அடைக்குது.

பயிர்க்கணக்கு:

கலப்பதால் அடைப்பு கூடும். ஒரு பக்கம் கால்சியம், ஒரு பக்கம் பைகார்பனேட். இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே சுண்ணாம்பு படியும். திறந்த வாய்க்காலில் அது தொந்தரவில்லை, சொட்டுவானின் சின்ன வழியில் தொந்தரவுதான். கத்தரிக்கு விடும் தண்ணீரை முதலில் தொட்டியில் கலந்து ஒரு இரவு தெளிய விட்டு, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் வடிகட்டி வழியாக எடுங்கள். அடைத்த சொட்டுவானுக்கு அமிலச் சுத்தம் செய்வதாக இருந்தால் அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். பக்கக் குழாய்களின் கடைசி மூடியை வாரம் ஒரு முறை திறந்து, தெளிவாக வரும் வரை ஓடவிடுங்கள்.

தெளிப்பு நீர் மட்டும் வேண்டாம். குளோரைடு 3 மில்லி ஈக்விவலென்ட்டைத் தாண்டினால் இலையில் விழுந்து காயும்போது ஓரம் கருகும். உங்கள் கலவையில் 9.2.

சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் போய்ச் சேரும், செடியடி சுத்தமாக இருக்கும். முதல் மழை லேசாகத் தூறினால் விளிம்பில் இருக்கும் அந்த உப்பு வேருக்குத் திரும்பி வந்துவிடும். மழை பெய்கிறதே என்று சொட்டுநீரை நிறுத்துவதால்தான் அடுத்த இரண்டு நாளில் செடி வாடுகிறது. முதல் தூறல் தொடங்கியதும் மோட்டாரைப் போடுங்கள், 5 செ.மீ. மழையாவது விழுந்து உப்பு கீழே இறங்கும் வரை ஓடட்டும்.